பொய்க்காரிக்கு ஒரு வாழ்த்துரை

போன மாதம் பிரியா போன் செய்தாள். "சித்தி, அம்மாவுக்கு அறுபது வருதில்ல. தண்டையார்பேட்டையிலயே சின்னதா ஒரு மண்டபம் புடிச்சுகிறேன். கேக்கு, பிரியாணி, அவ்ளோதான். நீங்க மைக்ல ரெண்டு வார்த்த பேசணும்" என்றாள். நான் உடனே சரி என்றேன். மைக் என்றால் எனக்குக் கொஞ்சம் ஆசை உண்டு. எங்கள் கம்பெனியில் பாதுகாப்பு வாரம் வந்தால் பேக்கிங் செக்ஷன் சார்பில் நான்தான் பேசுவேன். போனை வைத்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. அக்காவைப் பற்றி வெளியில் சொல்லக்கூடியதாக என்னிடம் ஒன்றுகூட இல்லை.

அக்கா என்று நான் சொல்வது பிரியாவின் அம்மாவை. கூடப் பிறந்தவள் இல்லை. கல்யாணமாகித் தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு குடியிருப்புக்கு நான் வந்தபோது எங்களுக்கு நேர் மேல் வீட்டில் இருந்தவள். திருவொற்றியூரில் ஒரு ரப்பர் கம்பெனி கேன்டீனில் வேலை. டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு ஷெட்டு ஷெட்டாகப் போவாள். பதினோரு வருஷம் அவள் வீட்டுக்குக் கீழே இருந்தேன். பிறகு நாங்கள் மணலி புதுநகருக்கு வந்துவிட்டோம். பொங்கலுக்கு ஒரு போன், கல்யாணம் காட்சியில் ஒரு பார்வை என்று ஆகிவிட்டது. இன்றைக்கும் அக்கா என்றால் எனக்கு அந்த மாடி வீட்டில் இருந்தவள்தான்.

அவளைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: எங்கள் பிளாக்கிலேயே அவளைப்போல் பொய் சொல்ல ஆள் கிடையாது. இதை வாழ்த்துரையில் எப்படிச் சொல்வது?

நான் புது மருமகளாக வந்த இரண்டாவது மாதம், டெய்லர் கடைக்குப் போவதாக மாமியாரிடம் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தியோடு மேட்னி ஷோ பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் மாடிப்படிக் கீழே மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். அன்றைக்கு டெய்லர் வீட்டில் சாவு, கடையே திறக்கவில்லை. அப்போது குடத்தோடு இறங்கி வந்தாள் அக்கா. அதுவரை அவளும் நானும் இரண்டு தடவை சிரித்திருப்போம், அவ்வளவுதான்.

"இவள ஒண்ணும் சொல்லாதம்மா. நான்தான் இட்டுகினு போனேன். இங்க கட மூடிக்கீது, காலடிப்பேட்டைல ஒர்த்தன் நல்லா தைக்கிறான்னாங்கோ. போனா அவனும் இல்ல. அம்பத்தாறு பஸ்ஸு நிக்காமயே பூட்டான். வெயில்ல நடந்துகினு வர்றோம், எனுக்கு குதிகாலு வுட்டுப் போச்சு."

சொல்லிவிட்டு உண்மையாகவே காலைத் தூக்கிப் பிடித்துவிட்டுக்கொண்டாள். மாமியார் எங்கள் இரண்டு பேருக்கும் மோர் கொடுத்தார். நான் குற்றவுணர்ச்சியில் குடித்தேன். அக்கா இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

பிறகொரு நாள் அவளே விளக்கினாள். "பொய்யின்னா சின்னதா கீணும். அத்துல ஒரு பஸ் நம்பரு, ஒரு வெயிலு, ஒரு கால் வலி. பெருசா சொன்னா கேக்கறவன் யோசிப்பான். கால் வலின்னா எவன் யோசிப்பான் சொல்லு?" சோற்றுக்கு உலை வைப்பதைப்போல, எந்தக் காரியத்துக்கும் முதலில் பொய்யைத் தயார் செய்வாள். பிறகுதான் காரியத்தில் கை வைப்பாள்.

தரை வீட்டில் மூர்த்தி அண்ணன் இருந்தார். லாரி மெக்கானிக். கையில் அப்படி ஒரு வேலைத்திறன், ஆனால் குடி அவரைப் பாதி ஆளாக ஆக்கியிருந்தது. ஒரு நாள் அவரே அக்காவிடம் வந்து, எங்காவது சேர்த்துவிடு என்று அழுதார். குடி நிறுத்த ஆஸ்பத்திரிக்குப் போகிறான் என்று தெரிந்தால் தெருமுனைக் கும்பல் கேலி செய்தே அவரைத் திரும்ப இழுத்து வந்துவிடும். அக்கா முதலில் பொய்யைச் செய்தாள். மூர்த்திக்கு சூலூர்பேட்டையில் ஒரு மாதம் கான்ட்ராக்ட் வேலை, அங்கே போன் டவர் எடுக்காது. நடுவில் ஒரு தடவை, மூர்த்தி கொடுத்தனுப்பினார் என்று ஒரு கிலோ ஆந்திரா மிளகாயைத் தெருமுனைக் கும்பலுக்கே பங்கு போட்டுக் கொடுத்தாள். உண்மையில் அது இங்கே பாரிமுனையில் வாங்கிய மிளகாய். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மூர்த்தி அண்ணன் அன்றிலிருந்து குடியைத் தொடுவதில்லை.

இப்படி எத்தனையோ. எங்கள் பிளாக்கில் சுவர் என்பது பேருக்குத்தான். பக்கத்து வீட்டில் தாளிப்பது மட்டுமல்ல, தாளிக்கும்போது யாரைத் திட்டினார்கள் என்பதும் கேட்கும். அந்த இடத்தில் ஒரு மனுஷன் விழுந்து எழுந்து நிற்க நாலு சுவர் கிடையாது. அந்தச் சுவரைத்தான் அக்கா கட்டிக் கொடுத்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அவள் சொன்னது இதைவிட எளிமை. "நான் யாரையும் ஏமாத்தல. ஒரு பத்து நாளு டைமு வாங்கிக் குடுக்கறேன். அத்துக்குள்ள நீ உன் வேலைய முடிச்சுகினு வா."

அதற்காக யார் கேட்டாலும் பொய் சொல்லிவிட மாட்டாள். எதிர் பிளாக்கில் ஒருவர் பைக்கில் ஒரு பூக்காரம்மாவை இடித்துவிட்டு நிற்காமல் வந்துவிட்டார். அந்த நேரத்தில் நான் வீட்டில்தான் இருந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அக்காவிடம் வந்து கெஞ்சினார். அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக அந்தப் பூக்காரம்மா வீட்டுக்குப் போய் இடித்தது யார் என்று சொல்லிவிட்டு வந்தாள். நான் பயந்துபோய், "ஏன்கா, உனக்கெதுக்கு பேஜாரு" என்றேன். "அவன் கேட்டது டைமு இல்ல. அவன் கேட்டது வேற" என்றாள்.

தனக்காக அவள் ஒரு பொய்யும் சொன்னதில்லை. அவள் வீட்டுக்காரர் பிரியாவுக்கு ஐந்து வயதிருக்கும்போது போனவர் வரவில்லை. மற்ற பெண்களாக இருந்தால் வெளிநாடு, கப்பல் வேலை என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள். நானே ஒரு தடவை, அப்படிச் சொல்லிவிடலாமே அக்கா என்று அவள் பாணியிலேயே ஒன்று ஜோடித்துக் கொடுத்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "எங்கூட இருக்க புடிக்கல, பூட்டாரு." சொல்லிவிட்டு டீ வேண்டுமா என்று கேட்பாள். அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் நான்தான் வேறு பேச்சை எடுப்பேன். அவளுக்கு வலித்ததா என்று எனக்குத் தெரியாது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் என்ன எழுத? முதலில் மூர்த்தி அண்ணனுக்குப் போன் செய்தேன். "உங்க கதைய சொல்லலாமாண்ணே?"

"நீ தாராளமா பேசும்மா. என்ன மட்டும் வுட்டுடு. பொண்ணுக்கு மாப்ள பாத்துகினு கீறோம்."

வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு, அரக்கோணத்து அண்ணன் மகள் என்ற பெயரில் ஒரு வாரம் அக்கா வீட்டில் இருந்த பெண்ணைக் கேட்டேன். "ஐயோ, எங்க மாமியாரும் வர்றாங்கக்கா" என்றாள். நாலு பேரைக் கேட்டேன், நாலு பேரும் அக்காவை வாயாரப் புகழ்ந்தார்கள், நாலு பேரும் வாயை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். மண்டபம் நிறைய அவள் செய்த நல்லது உட்கார்ந்திருக்கும். ஒன்றைக்கூடத் தொட முடியாது. கடைசியில் நோட்டில், "அன்பும் பண்பும் நிறைந்த எங்கள் அக்கா" என்று எழுதினேன். எழுதியதும் எனக்கே எரிச்சலாக இருந்தது. யார் பிறந்தநாளுக்கு வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம்.

சொல்ல ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அது என்னுடையது.

பெண் பார்க்க வந்த அன்று என் அம்மா, "பத்தாவது பாஸ்" என்று சொல்லிவிட்டார். நான் கணக்கிலும் இங்கிலீஷிலும் கோட்டை விட்டவள். கல்யாணமாகி ஏழு வருஷம் அதை யாரும் கிளறவில்லை. அப்போது நான் கான்ட்ராக்டில் பேக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவது பாஸ் செய்த பெண்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று கம்பெனியில் அறிவித்தார்கள். என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். "உன் சர்ட்டிபிகேட்ட எடு, நாளைக்கே குடுத்துடலாம்" என்றார். நான் மாடிக்கு ஓடினேன்.

அக்கா முழுவதும் கேட்டுவிட்டு, இட்லி மாவைக் கரைத்தபடியே யோசித்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு கீழே வந்து, என் வீட்டுக்காரரிடம் சொன்னாள். "தம்பி, அத்த எங்கிட்டதான் காட்னா. அவங்கப்பா பேரு தப்பா அடிச்சுகிறான். அப்டியே குடுத்தா கம்பெனில திருப்பி அனுப்புவான். எனுக்கு தெரிஞ்ச ஒருத்தரு மூலமா திருத்த குடுத்துக்கீறேன். ஆபீஸு வேல, உனுக்கே தெரியும், ஆறு மாசம் ஆவும்."

ஆபீஸ் வேலைக்கு ஆறு மாதம் ஆகும் என்பதை எங்கள் பக்கத்தில் யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். அந்த ஆறு மாதம் சாயங்காலங்களில் அவள் அடுப்படியில் உட்கார்ந்து படித்தேன். அக்கா ஆறாவதோடு நின்றவள். கணக்குப் புரியாது. ஆனால் கைடைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் விடையை வரி வரியாக ஒப்பிட்டுப் பார்ப்பாள். "இங்க ஒரு சிலுவ கீது, உன்னிதுல இல்ல." கூட்டல் குறியைத்தான் அப்படிச் சொல்வாள். பல நாள் அந்தச் சிலுவைதான் தப்பாக இருக்கும். தனித்தேர்வராக எழுதினேன். இங்கிலீஷ் ஐம்பத்திரண்டு, கணக்கு முப்பத்தாறு. சர்ட்டிபிகேட் வந்ததும், "புதுசா அடிச்சா புது தேதிதான் போடுவான்" என்று அக்காவே என் வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். எனக்கு வேலை நிரந்தரமானது. அதே சர்ட்டிபிகேட்டை வைத்துத்தான் பிறகு மணலியில் சேர்ந்து, இன்றைக்கு சூப்பர்வைசராக இருக்கிறேன்.

அக்கா சொன்ன பொய்க்கு ஆறு மாதம்தான் ஆயுசு. அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் அதற்குச் சோறு போட்டு வளர்த்தது நான். என் மகள் நிவேதா படிக்க உட்கார்ந்தாலே, "உன் வயசுல நான் ஒரே தபாவுல பாஸு" என்பேன். டியூஷன் இல்லை, கைடு இல்லை, கரண்ட்கூட இல்லை என்று ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன். இந்த மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தது. நிவேதா கணக்கில் பெயில். அன்றிலிருந்து போர்வைக்குள்தான் இருந்தாள். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் புதன்கிழமை கடைசி நாள். நான் கெஞ்சினேன், கத்தினேன். "உன்ன மாதிரி எனக்கு வராதும்மா. நீ ஒரே தடவைல பாஸ் பண்ணவ. என்ன விட்டுடு" என்றாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மா பொய்க்காரி என்று பெண்ணிடம் சொல்ல வாய் வரவில்லை.

பிறந்தநாள் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. நிவேதாவை இழுத்துக்கொண்டு போனோம். வாசலில் அக்காவின் படம் போட்ட பேனர். அறுபது என்பதே கம்பெனி ரெக்கார்டுப்படிதான். பதினாறு வயதில் அவளுடைய அப்பா பதினெட்டு என்று சொல்லிச் சேர்த்துவிட்டார். அவள் பட்டுப் புடவையில், நாற்காலி நுனியில், யாரோ சிறைப்பிடித்து வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தாள். கேக் வெட்டியதும் பிரியா என்னிடம் மைக்கைக் கொடுத்தாள்.

"அன்பும் பண்பும்" என்று ஆரம்பித்தேன். மூன்றாவது வரிசையில் நிவேதா தலை குனிந்து செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர்கள் யாராவது மார்க் கேட்டுவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். நான் பேப்பரை மடித்தேன்.

"எனுக்கு கல்யாணம் ஆனப்ப நான் பத்தாவது பாஸு இல்ல. பெயிலு. ரெண்டு பேப்பரு. எங்கூட்டுக்காரருக்கே தெரியாது. அக்காதான்" என்றேன். என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார்.

மேடையிலிருந்து அக்கா குரல் வந்தது. மைக்கே தேவையில்லாத குரல். "அய்ய, சொம்மா சொல்றா. இவ கல்யாணத்துக்கு முன்னாடியே பாஸு. நானே பாத்துக்கீறேன் அந்த சர்ட்டிபிகேட்ட. பச்ச பைல்ல வெச்சிருந்தா, ஓரத்துல எண்ண கற கூட கீது. எனுக்கு பெரும சேக்கறதுக்கோசரம் தன்ன மட்டம் தட்டிக்கறா."

மண்டபமே சிரித்துக் கைதட்டியது. என் அடக்கத்தைப் பாராட்டி ஒருவர் விசிலும் அடித்தார். என் வீட்டுக்காரர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் மூடிட்டேன், நீ இறங்கு என்ற பார்வை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஊரறிய உண்மையைச் சொன்னேன், அதை ஒருவரும் நம்பவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"அக்கா, நீ இன்னிக்கி ஒரு நாளு லீவு எடு. எனுக்கு டைமு வேணாம். வாங்கிக் குடுத்ததே போதும்" என்றேன். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னேன். "நான் பரிச்ச எழுதின ரெண்டு நாளும் இவ ஸ்கூல் வாசல்ல உக்காந்துகினு இருந்தா. கம்பெனில லீவு குடுக்கல. பல்லு புடுங்கணும்னு சொல்லிட்டு வந்தா. சாயங்காலம், திரும்பிப் போனா பல்லு எங்கன்னு கேப்பாங்களேன்னு யோசிச்சா. நேரா பல்லு டாக்டர்கிட்ட போய் நல்ல பல்ல புடுங்கிகினா. நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல. வேணும்னா வாயத் தொறக்க சொல்லிப் பாருங்க."

யாரும் சொல்லவில்லை. அக்காவே சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அதுதான் காட்டிக்கொடுத்தது. பிரியா தன் அம்மாவையே வெறித்துப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. "கணக்குல முப்பத்தாறு. அந்த ஒரு பல்லுக்குத்தான் நான் இங்க நிக்கறேன். நல்லாரு, அக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. நான் பேசியதிலேயே மோசமான வாழ்த்துரை அதுதான்.

பந்தியில் மூர்த்தி அண்ணன் இலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நானும் ஏறியிருப்பேம்மா. எழுந்தேன், காலு வரல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மாப்ள வூட்ல மொதல்ல நானே சொல்லிடறேன்" என்றார். அக்கா என்னிடம் வந்து, இலையில் ஒரு முட்டையை வைத்து, காதருகே குனிந்து, "உனுக்கு அறிவு கீதா?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. அந்த வாழ்த்துரைக்கு அவள் எனக்குத் தந்த நன்றி அவ்வளவுதான்.

காரில் வீட்டுக்கு வரும் வழியில், திருவொற்றியூர் தாண்டியதும் என் வீட்டுக்காரர், "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார். தப்புதான் என்றேன். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "அந்தப் பேரு திருத்தற விஷயமா நான் ரெண்டு தபா ஆபீசுக்கே போய் கேட்டேன் தெரியுமா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா சொன்னான்?"

"பைலு மேல போய்க்கீது, வந்துடும்னான்."

கொடுக்காத விண்ணப்பம் மேலே போயிருந்திருக்கிறது. முதலில் சிரித்தது அவர்தான். பிறகு நான். பின்சீட்டில் நிவேதாவும் சிரித்தாள். ஒரு மாதமாகக் கேட்காத சத்தம் அது.

திங்கட்கிழமை காலையில் அவளே போர்வையை மடித்து வைத்துவிட்டு சமையல்கட்டுக்கு வந்தாள். முப்பத்தாறா என்று ஒரு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். விண்ணப்பித்துவிடலாம் என்றாள். தேர்வு வரைக்கும் பெரியம்மா வீட்டில் இருந்து படிக்கலாமா என்றும் கேட்டாள். நான் அக்காவுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். விஷயத்தை முழுசாகச் சொல்லக்கூட விடவில்லை, அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"அனுப்பு, அனுப்பு. அக்கம்பக்கத்துல கேட்டா கம்ப்யூட்டர் கிளாஸுன்னு சொல்லிடறேன். மணலிலேர்ந்து வந்து போறது தூரம், அதான் இங்க தங்கிகினு போறா. காலைல ஏழு மணி பேட்ச்சு."

நிவேதா என் கையிலிருந்து போனை வாங்கினாள். "பொய் வேணாம் பெரிம்மா. கணக்குல பெயிலு, திரும்ப எழுதப் போறான்னே சொல்லுங்க."

அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப எனுக்கு இன்னாடி வேல?"

"காலைல அஞ்சு மணிக்கு எழுப்பி விடுங்க, போதும்" என்றாள் நிவேதா.